இருபத்தோராம் நாள்

சுண்டைச் செடியின் வேர்மேல்
கத்தரியின் தலையை வைத்து
ஒட்டுக்கட்டி விற்கிறவர் ஒச்சம்மாள்.
வாடிப்பட்டி ரயில்வே கேட் தாண்டி
பச்சை வலைக்கூடாரம், பதினெட்டாயிரம் நாற்று.
ஒவ்வொரு கழுத்திலும் ஒரு கிளிப்,
புளியங்கொட்டைப் பருமன்.

"காயம் ஆற இருபது நாள்.
அதுவரைக்கும் விடக்கூடாது.
இருபத்தோராம் நாள் அது இருக்கவே கூடாது.
உன் மிஷின்ல அடிக்க முடியுமா லூர்து?"

முடியும் என்றேன்.
பேசியது நான் இல்லை, பேங்க் தவணை.

முதல் சுருள் சோளத்தில் செய்தது.
உறையில் ஒரு இலைப் படம், 'மக்கும்' என்று அச்சு.
இருநூறு டிகிரியில் உருகும்போது
தேர்முட்டிப் பக்கம் யாரோ பொரி வறுக்கிற வாசனை.
கிளிப் லட்சணமாய் வந்தது. நாற்றைப் பிடித்தது.
பிடித்தது பிடித்ததுதான்.
வயலில் நட்டு, முதல் காய் பறித்த பிறகும் விடவில்லை.
"கம்மலக் கழட்டாமத் தூங்குது பாருங்க"
என்றாள் களையெடுத்த பெண்.
மக்குமாம்,
அறுபது டிகிரி சூட்டில், அதற்கென்று கட்டிய எருக் கிடங்கில்.
உறையின் பின்பக்கம் எறும்பெழுத்தில் இருக்கிறது.
எங்கள் அக்னி நட்சத்திரமே நாற்பத்தொன்றைத் தாண்டத் திணறும்.
அறுபதுக்கு நான் எங்கே போவேன்?

மேலூர் ரைஸ்மில்லில் உமி வாங்கி
மாவாக்கிச் சேர்த்தேன்.
மணலைக் குடித்த மாதிரி
இரண்டு பித்தளை நாசில் வாய் தேய்ந்து போயின.
சோழவந்தான் வாழைநார்
பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு மோட்டாரையே நிறுத்தியது.
புளியங்கொட்டை மாவுதான் சொன்னபடி கேட்டது,
தறிப்பாவுக்குக் கஞ்சியாய் இருந்த பழக்கமோ என்னவோ.
ஒன்பதாம் நாள்
கூடாரத்து ஈரத்தில் களியாகி நழுவியது.
ஒச்சம்மாள் திட்டவில்லை.
சாய்ந்த தலைகளைக் குனிந்து எண்ணினார்.
"அறுநூத்திப் பதினாலு."
அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம்.

பழங்காநத்தத்தில் என் மாடி அறை மூலையில்
ஒரு சாக்கு வளர்ந்துகொண்டிருந்தது.
கரண்ட் போய்ப் பாதியில் நின்றவை,
கோணலாய்ப் பிறந்தவை, நூடுல்ஸாய்ப் போனவை.
சிந்தா மதாரின் காயலான் கடைக்குத் தூக்கிப் போனேன்.
பதினொன்றரைக் கிலோ.
ஒன்றை எடுத்து வளைத்தார்,
லைட்டரில் காட்டினார், மோந்தார்.
"குடமில்ல, பைப்பில்ல, பாட்டிலில்ல.
இது எந்த ஜாதியிலயும் சேராது தம்பி.
இதுக்கு ரேட்டே கிடையாது."

பூமிக்கு நல்லது செய்யக் கிளம்பி
பூமியில் எவருக்கும் வேண்டாத பதினொன்றரைக் கிலோ.
திரும்பும்போது பஸ்ஸில்
அதற்கும் லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.

அரைத்தேன். மறுபடி உருக்கினேன். மறுபடி.
மூன்றாம் உருக்கலில் பிளாஸ்டிக்குக்கே சலித்துவிடுகிறது,
தொட்டால் நொறுங்குகிறது.
நொறுங்கட்டுமே என்று தோன்றியது
ஒரு ராத்திரி, ரெண்டு மணிக்கு,
கொசுவை அடித்துக்கொண்டிருந்தபோது.
கிளிப்பின் முதுகில்
மயிரிழைக்கு ஒரு பள்ளம் மட்டும் வைத்தேன்.
மீதியைச் செடியிடம் விட்டேன்.

தண்டு பருத்தது.
இருபத்தி மூன்றாம் நாள், மத்தியானம்,
கூடாரத்துக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.
கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.
அப்புறம் கூரைத் தகரத்தில்
தூறல் விழுகிற மாதிரி.

மக்கவில்லை. சொல்லிவிட்டேன் அவரிடம்.
"மக்காட்டி என்ன, பொறுக்கித் தர்றேன்,
நீ திரும்ப உருக்கு" என்றார்.
தட்டுகளுக்கு அடியில் பழைய ஃபிளெக்ஸ் விரித்தார்,
யாரோ ஒரு வேட்பாளரின் கும்பிட்ட கைகள்மேல்
உடைந்த கிளிப்புகள் விழுந்தன.

ஐந்நூறு கொடுத்திருந்தேன்.
ஊறுகாய் பாட்டிலில் திரும்பி வந்தது
நானூற்று அறுபத்து மூன்று.

மீதி முப்பத்தேழு
வாடிப்பட்டி மண்ணில் எங்கோ கிடக்கின்றன.
மழை பெய்கிற ராத்திரிகளில்
எண்ணிப் பார்க்கிறேன்.
எண்ணிக்கை குறைவதில்லை.